குளத்துக்கு முன் ஒரு குளியல்

வாசல் தட்டில் மூன்று ஜோடி பூட்ஸ் இருந்தன. வெளியே முழங்காலளவு பனி. அவற்றிலோ ஒரு துளி ஈரமில்லை.

"உள்ளே யாராவது இருக்காங்களா, பெர்கா?" ஹல்லா கேட்டாள்.

சீட்டுக் கொடுக்கும் பெர்கா பின்னலிலிருந்து நிமிரவே இல்லை. "ஈ காக்கா இல்லடி. குளம் முழுக்க உனக்குத்தான். ஒழுங்கா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு இறங்கு, டிமிக்கி குடுக்காதே!"

ஐஸ்லாந்தில் எந்த ஊரானாலும் துணியில்லாமல் எல்லோரோடும் நின்று குளித்த பிறகுதான் நீச்சல் குளம். ஹல்லாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்தான். ஆனால் அம்மாவையும் இரண்டு சித்திகளையும் நாற்பதைத் தாண்டவிடாத புற்றுநோய் தன்னையும் தேடி வருமுன், இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் மார்பிரண்டையும் எடுத்துவிட்டாள். அடிவயிற்றிலும் அதே நோய் வரலாம், சூலகங்களையும் எடுத்துவிடு என்றார் டாக்டர். அதற்கு மட்டும் மாட்டேன் என்றாள். துணைதான் இல்லை, ஒரு பிள்ளையாவது வேண்டாமா? பாவம், தழும்பை யாரும் பார்க்கக்கூடாதென்றே விடியாத இந்தக் குளிர்காலக் காலையில் தனியாக வந்திருந்தாள்.

குளியலறையில், பூமிக்கடியிலிருந்து வரும் கந்தக வெந்நீரின் அழுகல் முட்டை நாற்றம் வழக்கத்தைவிடக் கனத்திருந்தது; ஆவி விளக்கை மூடியிருக்க, கோடியில் மூன்று குழாய்கள் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்துக்குள் ஓர் இருமலோ செருமலோ இல்லை. சுவரைப் பார்த்தபடி அவசரமாகச் சோப்பு போட்டாள்.

பிறகு திரும்பினாள்.

மூன்று முதுகுகள். ஈரமான மூன்று முதுகுகள்.

"என்னடி கூச்சம்? எல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைங்கதானே."

அம்மாவின் குரல். பதினாறு வருடமாகக் கேட்காத குரல். பயம்தான். அதையும் மீறி, வெட்கங்கெட்ட ஓர் ஏக்கம். ஓடத் தோன்றவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா. என்கிட்ட உனக்கு ஒண்ணும் மிச்சமில்ல. போயிடு."

"எடுத்துட்டியா? அடி அசடு."

குழாய்கள் நின்றன. அவளுடையதும்.

ஒரு கை நீண்டது. அடிவயிற்றில் படிந்தது. குளிர்.

"இதை எங்களுக்காகத்தானே வச்சிருக்கே, கண்ணு?"

இன்னொரு கை. இன்னொன்று. மூன்றும் பிள்ளைத்தாச்சி வயிற்றைத் தடவுகிற மாதிரி, மெல்ல, பிரியமாகத் தடவின.

உள்ளே ஏதோ உதைத்தது.