வாலுவின் ஈரப் பாத்தி

பள்ளித் தோட்டத்தில் பாத்தி பிடிக்கும் நாளன்று, மற்றவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் வாலு ஓடியே போய்விட்டாள்.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். நின்ற இடத்தில் அவள் நிற்க மாட்டாள். அவளுடைய பெரியப்பா மகளுக்கு நத்தை என்று பெயர். காலையில் ஒரு காலுறையைப் போட்டுக்கொண்டு, அடுத்ததை எடுக்கும் முன் ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வீடு. கீழே அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தும் தையற்கடை. மேலே குடும்பம்.

அந்தக் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகளுக்கு எதைத் தைத்தாலும் ஒரே துணியில் இரண்டு. பொத்தான்கூட மாறாது. ஒருத்திக்குக் கூடுதல், ஒருத்திக்குக் குறைவு என்ற பேச்சு அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதே இல்லை. அதில் அவர்களுக்குப் பெருமை. நியாயமான பெருமைதான்.

ஆனால் மண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஆளுக்கு ஒரே மாதிரி கொடுக்க முடியாதே!

தோட்டம் மணல்மேட்டில் தொடங்கிச் சரிந்து, கீழே தட்டையான பள்ளத்தில் முடிந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மதில், ஒரு சாக்கடை, அதற்கும் அப்பால் கடல். ஆகக் கீழே இருந்த பாத்தி கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. வாலு அதன் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"இது எனக்கு! தண்ணியே தூக்க வேண்டாம் பாருங்க!"

கடைசியாக வந்த நத்தைக்கு மேட்டு உச்சியில், குழாய்க்கு வெகு தூரத்தில் ஒரு வறண்ட பாத்திதான் மிஞ்சியது.

"ஐயோ பாவம்! வாளி தூக்கித் தூக்கி உன் கை ரெண்டும் முழங்காலைத் தொடப்போகுது" என்றாள் வாலு.

"தொட்டா நல்லதுதானே. குனியாமலே காலுறை போடலாம்" என்றாள் நத்தை.

எல்லோருக்கும் பீன்ஸ் விதை கிடைத்தது. யார் முதல் கூடைக் காயைச் சமையலறைக்குக் கொண்டு வருகிறார்களோ, அவர்கள்தான் அந்தப் பருவம் முழுக்க மதிய உணவு மணியை அடிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அதைவிட உயர்ந்த பதவி கிடையாது. ஒரு கயிற்றை இழுத்தால் தலைமையாசிரியர்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்! வாலு வீட்டில் துண்டை ஆணியில் மாட்டி இழுத்து இழுத்துப் பழகத் தொடங்கினாள். துண்டு கிழிந்தது. அப்பா ஓரம் தைத்துக் கொடுத்தார்.

விதை முளைத்தது. மேட்டில் நத்தையின் செடிகள் கொம்பைப் பற்றிக்கொண்டு ஏறின. பள்ளத்தில் வாலுவின் செடிகள் ஒரு சாண்கூட வளராமல் மஞ்சளாகிவிட்டன. இலை ஓரமெல்லாம் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டதுபோலக் கருகியிருந்தது. மண் காய்ந்த இடங்களில் தையல்கடைச் சாக்கட்டியைத் தேய்த்தாற்போல் வெள்ளை படிந்தது.

நத்தை மாலையில் செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். வாலுவும் ஒரு குவளை ஊற்றினாள். நத்தை பாத்தியைக் கொத்திவிட்டாள். வாலுவும் கொத்தினாள், களிமண் களைக்கொத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நத்தை செய்ததையெல்லாம் செய்தும், வெள்ளைதான் அதிகமானது.

நத்தையின் பீன்ஸ் ஒரு விரல் வளர்ந்தால், வாலுவுக்கு வயிற்றில் இரண்டு விரல் எரிந்தது. நத்தை சிரித்தால் எரிந்தது. தும்மினால்கூட எரிந்தது.

"உன் தோட்டம் எப்படிம்மா இருக்கு?" என்று சாப்பிடும்போது பெரியப்பா கேட்டார்.

"சூப்பர் பெரியப்பா" என்றாள் வாலு. வேறு என்ன சொல்வாள்? ஓடிப்போய்ப் பிடித்த பாத்தி ஆயிற்றே!

ஒருநாள் அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு! கடல் மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் இல்லை. அவளுடைய பாத்திக்கு அடியிலும் ஊறிக் கிடந்திருக்கிறது.

நியாயமாக அவள் ஆசிரியரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் எரிகிற வயிறு நியாயம் பார்க்காது. என் செடியைக் கருக்கிய தண்ணீர் அவள் செடியை மட்டும் விட்டுவிடுமா என்று அது கேட்டது.

வாலு பாத்தியின் மதிலோர மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினாள். மறுநாள் மாலை குழியில் தண்ணீர் ஊறி நின்றது. வாளி நிறைய மொண்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேடு ஏறினாள். எல்லோரும் போயிருப்பார்கள் என்று நினைத்தாள். நத்தை எங்கேயும் சீக்கிரம் போகிறவள் இல்லை என்பதை மறந்துவிட்டாள்.

பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்த நத்தையின் உள்ளங்கையில் ஒரு துண்டுத் துணி சுற்றியிருந்தது.

"எனக்காகவா தூக்கிட்டு வந்தே?"

வாலு வாளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாளி பிடிச்சுக் கை கொப்புளமாயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" நத்தை எழுந்து வந்து வாளியை வாங்கிக்கொண்டாள். "நீ இவ்வளவு தூரம் தூக்கினதே பெரிசு. குடு, நானே ஊத்தறேன்."

வாளி சாய்ந்தது. விளிம்பில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஊத்தாதே!"

வாலு வாளியை எட்டி ஓர் உதை விட்டாள். இருவரின் பாவாடையும் நனைந்தது. வாளி உருண்டு சரிவில் ஓடியது. செடிகள்மேல் ஒரு சொட்டு படவில்லை.

"என்னடி பண்றே!"

"அது உப்புத் தண்ணி. என் பாத்தியில ஊறினது."

"அப்ப அதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தே?"

வாலு உருண்டோடிய வாளியைப் பார்த்தாள். நத்தை நடையில்தான் மெதுவே தவிர, புத்தியில் இல்லை.

"என் பீன்ஸ்ல ஊத்தறதுக்கா?"

"ம்."

நத்தை பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வாழ்க்கையிலேயே முதன்முறையாக வாலுவைவிட வேகமாக நடந்தாள்.

அன்று சாப்பாட்டில் இருவரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

"ரெண்டு பேரும் ஏன் உம்முனு இருக்கீங்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல" என்று நத்தை முந்திக்கொண்டு சொன்னாள்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூட வாலுவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் விடுமுறை. விடாமல் மழை பெய்தது. அதற்கடுத்த நாள், அந்த வெட்கக்கேட்டுக் குழியை மூடிவிட வேண்டும் என்று வாலு மண்வெட்டியோடு போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குழி விளிம்புவரை நிறைந்திருந்தது. பாத்தியின் மறுகோடியில் செடிகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஆனால் குழியை ஒட்டியிருந்த இரண்டு செடிகள் மட்டும் நிமிர்ந்து, ஆளுக்கு ஒரு புதுப் பச்சை இலை விட்டிருந்தன!

வாலு குந்தி உட்கார்ந்தாள். குழித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. குழியோர மண்ணை வைத்துப் பார்த்தாள். கரிப்பு பாதிதான் இருந்தது. மழை உப்பைக் கரைத்திருக்கிறது. கரைந்த தண்ணீருக்குப் போக ஒரு வழி கிடைத்திருக்கிறது. அவ்வளவு நேரம் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்ததை யாராவது பார்த்திருந்தால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டிருப்பார்கள்.

பிறகு குழியிலிருந்து மதிலின் அடியில் இருந்த ஓட்டை வழியாகச் சாக்கடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினாள். வெட்டும்போது ஓட்டை ஓரத்தில் ஒரு செடி தட்டுப்பட்டது. தடித்த இலை, சிவந்த காம்பு. யாரும் விதைக்காமல், யாரும் கவனிக்காமல், அந்த உப்பு மண்ணிலேயே கொழுகொழுவென்று நின்றது. பிடுங்கினாள். போன வருடத்து விதையில் தானே முளைத்த பீட்ரூட்!

"உனக்கு மட்டும் உப்பு உறைக்காதா?" என்று அதனிடமே கேட்டாள்.

அன்று முதல் குழாயடியிலிருந்து வாளி வாளியாக நல்ல தண்ணீரைப் பாத்தியில் கொட்டினாள். மூன்றாவது வாளியில் மூச்சு வாங்கியது. நான்காவது வாளியைத் தூக்கக் குனிந்தபோது, பக்கத்தில் ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது. ஒரு காலில் மட்டும் காலுறை இருந்தது.

"ஏற்கெனவே ஈரமா இருக்கு. அதுல ஏன் இன்னும் ஊத்தறே?" என்றாள் நத்தை.

"ஒரு குவளை ஊத்தினா, அது காயும்போது உப்பு மேல வந்துடுது. நிறைய ஊத்தினா, உப்பு கரைஞ்சு வாய்க்கால்ல போயிடுது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பார்த்தேன்." வாலு வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நான் பண்ணினது ரொம்பத் தப்பு."

"தெரியும்" என்றாள் நத்தை. "வாளியை அந்தப் பக்கம் பிடி."

உப்பு குறைந்த பாத்தியில், ஆசிரியரின் பெட்டியிலிருந்து வாங்கிய பீட்ரூட் விதையை இருவருமாக ஊன்றினார்கள்.

பீட்ரூட்டுக்கு அவசரம் கிடையாது. அதற்கு முன்பே நத்தையின் பீன்ஸ் காய்த்து, முதல் கூடை சமையலறைக்குப் போனது. மணிக்கயிறு நத்தையின் கைக்கு வந்தது. வாலு கை தட்டினாள். வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு மதியமும் மணி ஒலிக்கும்போது கொஞ்சம் எரிந்தது. வீட்டில் தைத்த துண்டை எடுத்து இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாள்.

பிறகு பீட்ரூட் வந்தது. ஒவ்வொன்றும் வாலுவின் கைமுட்டி அளவு. சமையல்கார அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இது பள்ளத்துல விளைஞ்சதா? சர்க்கரை போட்ட மாதிரி இருக்கே!" என்றார்.

அன்று மதியம் மணி ஒலித்ததும் பள்ளிக்கூடமே வேகவைத்த பீட்ரூட்டின்மேல் பாய்ந்தது. மணி அடித்தவள் கயிற்றைச் சுருட்டி, உயரே கட்டி, படி இறங்கி, நடுவில் கொஞ்சம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்து சேர்ந்தபோது அண்டா காலி. அடியில் சிவப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

நத்தையின் முகம் போன போக்கைப் பார்த்ததும் வாலுவுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோருடைய தட்டையும் அப்படிப் பார்த்தால் வயிறு என்ன பாடுபடும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"இங்க வாடி" என்று கூப்பிட்டு, கவிழ்த்து வைத்திருந்த தட்டை எடுத்தாள். உள்ளே ஒரு பங்கு பத்திரமாக இருந்தது.

நத்தை ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. விரலெல்லாம் சிவக்கச் சிவக்கச் சாப்பிட்டு முடித்த பிறகு, ஏதோ பெரிய தானம் செய்பவள்போல் சொன்னாள்:

"நாளைக்கு மணியை நீ அடிக்கறியா?"

வாலு எழுந்தே விட்டாள். ஆனால் உடனே ஒரு சந்தேகம் வந்தது.

"நாளைக்கும் பீட்ரூட்டா?"

"ஆமா."

வாலு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அப்ப நீயே அடி."