மணலுக்குள் சந்தியாகப்பர் கோயில்

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு கல்லையாவது காட்டுங்கம்மா. இல்லேன்னா மிஷின் இறங்கிரும்!"

தாசில்தார் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பிலோமிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இறால் பண்ணைக்காகச் சமப்படுத்தப்போகும் இந்த மணல்மேடுகளில் ஒன்றுக்கு அடியில் புனித யாக்கோபாகிய சந்தியாகப்பரின் நானூறு வருஷத்துக் கோயில் இருக்கிறது, அதன் தரைக்குள் ஊரின் முதல் தலைமுறை உறங்குகிறது என்று மனுப் போட்டவள் அவள்தான். மணல் ஏற ஏற, ஊர் கோயிலை விட்டு வடக்கே குடிபோனது. எந்த மேடு என்று இப்போது யாருக்கும் தெரியாது.

சிலுவை நின்ற மேட்டை மூன்று நாள் தோண்டியாயிற்று. கிடைத்ததோ சிப்பியும் நண்டும்!

"சிலுவைய வேற எங்கிருந்தோ தூக்கியாந்து நட்டுருப்பாவ. அத நம்பித் தோண்டுனோம் பாரு, நம்மளச் சொல்லணும்," என்று மண்வெட்டியை எறிந்தான் பெரியப்பா மகன் ரெமீஜியுஸ். "பேசாம கோயில் பாருக்கு மீனுக்குப் போயிருக்கலாம்."

கடலடிப் பாறையைத்தான் அங்கே பார் என்பார்கள். பிலோமி நிமிர்ந்தாள்.

"அண்ணே, அதுக்கு ஏன் அந்தப் பேரு?"

"பூட்டன் காலத்துல கோயில் கோபுரமும் பின்னால மலை உச்சியும் ஒரே நேரா தெரிஞ்சா, வள்ளத்துக்கு அடியில பாரு. இப்பத்தான் ஜிபிஎஸ் இருக்கே..." சொல்லிக்கொண்டே வந்தவன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பார் இருக்கிறது. மலையும் இருக்கிறது. நடுவில் கோயிலைத்தான் காணோம்!

விடிந்ததும் வள்ளம் பாருக்கு மேலே ஆடியது.

"உக்காருட்டி, விழுந்துருவ!"

பிலோமி கேட்டால்தானே! மலை உச்சியிலிருந்து கண்ணை நேராகக் கீழே இறக்கினாள். சிலுவை மேடு எங்கோ வடக்கே ஒதுங்கி நின்றது. உச்சிக்கு நேர் கீழே, தாழம்புதர் மண்டிய ஒரு குட்டை மேடு.

"தெக்க, அண்ணே! தாழம்புதரு!"

மத்தியானம் நெருங்கி மிஷின் உறுமத் தொடங்கியபோது, ரெமீஜியுஸின் மண்வெட்டி 'ணங்'கென்றது. மணலுக்குள் பளீரென்று வெள்ளைச் சுவர்! பிலோமி மறுபக்கம் தோண்டினாள். அங்கே வெறும் செங்கல்.

"கடல் பக்கம் மட்டும் ஏண்ணே சுண்ணாம்பு?"

"கடல்ல கெடக்குதவன் கண்ணுக்குத் தெரியணும்லா!"

தாசில்தார் வந்தார், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், மிஷினை நிறுத்தச் சொன்னார்.

ஊர் மறந்த இடத்தைக் கடலுக்குப் போனவர்கள் மறக்கவில்லை. அவர்களிடம் முதலிலேயே கேட்கத்தான் பிலோமிக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ரெமீஜியுஸ் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு வள்ளத்தை ஓட்டினான். மலை உச்சிக்கு நேர் கீழே ஒரு துண்டு வெள்ளை தெரிந்தது. தூண்டிலைப் போட்டான். பார் அங்கேயேதான் இருந்தது.