இடைச்சந்தையின் கடைசி மதிப்பெண் பேரம்

பள்ளியிறுதித் தேர்வு நெருங்கினால் இடைச்சந்தையில் வீட்டுக்கு வீடு மிளகுப்பால் கொதிக்கும். பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிவிடக் கூடாது அல்லவா? புத்தகத்தை யாரும் தொடமாட்டார்கள். தொடுவதற்கு ஊரில் புத்தகமும் கிடையாது. பேனா என்றால் என்னவென்று கேட்டால், பூமியில் இருக்கிற ஏதோ பூச்சி என்று சொல்லக்கூடிய பிள்ளைகள். தேர்வன்று தலைக்குக் குளித்து, உள்ளங்கை வியர்க்காமல் இருக்கத் திருநீற்றைத் தேய்த்துக்கொண்டு, தரகரின் கையைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற செரெஸ் என்ற குறுங்கோளில், குமிழ்க்கூரைக்கு அடியில் இருக்கிறது அந்த ஊர். போகிற கலமும் வருகிற கலமும் தண்ணீருக்கு அங்கே நின்றுதான் ஆகவேண்டும். எல்லோரும் நின்று போகிற இடம் என்றால் அங்கே முதலில் போய் உட்காருகிறவர் விஞ்ஞானியா, வியாபாரியா? ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் மண்டிக்காரர்களும் ஜவுளிக்காரர்களும் மாட்டுத் தரகர்களும் கப்பலேறி வந்து நிறுவிய ஊர் அது. காற்றில்லாத இடத்தில்கூட அவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். பேரமில்லாத இடத்தில் மட்டும் அவர்களுக்கு மூச்சு ஓடாது.

அங்கே ஐந்து வயதில் எல்லாப் பிள்ளைக்கும் காதுக்குப் பின்னால் அறிவுச்சில்லு பதித்துவிடுவார்கள். உலகத்தில் உள்ள பாடமெல்லாம் அதற்குள் இருக்கும். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றால் யாரைத் தேறியவர் என்பது, யாரைத் தேறாதவர் என்பது? ஊர்ப் பெரியவர்கள் யோசித்தார்கள். தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியிடம் நின்று பேசத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நியாயம் என்று முடிவுகட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் மதிப்பீட்டி என்ற இயந்திரம். ஊர் அதைத் தரகர் என்று மரியாதையாகக் கூப்பிட்டது.

மாட்டுச் சந்தையில் நடப்பதுபோலத்தான் தேர்வு. தரகரின் கையும் மாணவரின் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். தரகர் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் சொல்லித் தொடங்குவார். மாணவர் அது ஏன் போதாது என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து வைத்து விரலை அழுத்துவார். தரகரின் விரல் நுனி நாடி பார்க்கும். வாய் கேட்பது ஒன்று, மனம் ஒப்புக்கொள்ளத் தயாராக இருப்பது இன்னொன்று என்றால் அதற்குத் தெரிந்துவிடும். எங்கே படிகிறதோ அதுதான் மதிப்பெண். துண்டை எடுத்துவிட்டால் யாரும் மாற்ற முடியாது.

பனிக்கட்டி மண்டி நடத்துகிற சென்னியப்பன் தன் காலத்தில் தொண்ணூற்றாறு வாங்கியவர். கடைசியில் தரகரே களைத்துப்போய்க் கையை உதறிக்கொண்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் சென்னியப்பனேதான்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த ஒரே மகள் நறுமுகைக்குப் பேரம் பேச வராது. சொன்ன விலைக்கு வாங்கிவிடுவாள். ஒருமுறை செருப்புக் கடைக்காரர் வழக்கம்போல இரட்டிப்பாகச் சொல்ல, இவள் சரிங்க என்று எடுத்துக்கொண்டாள். கடைக்காரர் கூச்சம் தாங்காமல் தானாகவே பாதியைக் குறைத்து, வீட்டில் சொல்லிவிடாதே என்று கெஞ்சி அனுப்பினார். ஊமையைப் பெற்றிருந்தால்கூட சென்னியப்பன் அவ்வளவு கலங்கியிருக்கமாட்டார்.

ஆனால் மக்கு இல்லை அவள். அறிவுச்சில்லை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தன் மூளையாலேயே யோசிக்கிற விநோதப் பழக்கம் அவளுக்கு இருந்தது. உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று சென்னியப்பன் முதலில் பயந்தார். ஒருநாள் அவள் மண்டியில் நின்று, எந்தப் பனிப்பாளம் வெடிக்கும், உள்ளே உப்பு எப்படி நகர்கிறது என்று தொட்டுத் தொட்டுச் சொன்னாள். சொன்னது அத்தனையும் வெடித்தது. எந்தச் சில்லிலும் அந்தச் செய்தி இல்லை. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. அதை ஆராயப் போகும் கலத்தில் ஏறவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குத் தொண்ணூறு வேண்டும்.

மாதிரித் தேர்வில் தரகர் முப்பதில் தொடங்கினார். சரிங்க என்றாள். துண்டை எடுத்துவிட்டார்கள்.

"ஏன் அம்மணி, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றார் சென்னியப்பன்.

"அத்தன வருசமா மார்க்குப் போடறவரு. அவரு சொன்னாச் செரியாத்தானுங்கப்பா இருக்கும்?"

அன்றைக்கே சென்னியப்பன் கல்விச் சபையில் தேர்வுச் சீர்திருத்தம் கோரி மனுப் போட்டார். மறுவாரம் சபையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கூச்சப் பிள்ளைகளுக்குத் தொடக்க மதிப்பெண்ணை உயர்த்த வேண்டும் என்றார் ஒருவர். பெற்றவர் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வாயில்லாத பிள்ளைக்கு மதிப்பெண் கொடுத்தால் நாளைக்கு அது கடையில் உட்கார்ந்து என்ன கிழிக்கும் என்று ஜவுளிச் சங்கம் கேட்டது. சபைத் தலைவி நல்லம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது பேசித் தீராது, கையைப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இடைச்சந்தையில் வாக்கெடுப்பு கிடையாது. தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்வதை அவர்கள் அநாகரிகமாக நினைத்தார்கள். தீர்மானம் கொண்டுவந்த கட்சியும் எதிர்க்கட்சியும் துண்டுக்கடியில் கைகோத்து, எங்கே படிகிறதோ அதுதான் சட்டம். இந்த முறை எதிர்க்கட்சி தரகரேதான். அவருடைய வேலையல்லவா போகப்போகிறது?

சென்னியப்பனுக்கு அங்கேதான் உதைத்தது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நாடி பொய் சொல்லாது. பெரிதாகக் கேட்டுவிட்டுச் சிறிதாக இறங்குவதுதான் வித்தையே. இறங்க இடம் இருக்கிறது என்பதை அந்த விரல்கள் தொட்டதும் கண்டுகொள்ளும். இரண்டு நாள் மண்டிக்கே போகாமல் யோசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, சபையில் நம் கட்சிக்கு நீதான் கை கொடுக்கப்போகிறாய் என்றார்.

"நானுங்களா?" என்றாள் நறுமுகை. என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றும் பெரிதாக இல்லை, பரீட்சையே வேண்டாம், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நூற்றுக்கு நூறு, இதைத்தான் நாம் வாங்கப்போகிறோம், ஓர் இம்மிகூட இறங்காதே என்று சென்னியப்பன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் அப்படியே நம்பினாள்.

சபை நடுவே துண்டு விரித்தார்கள். மகள் கை கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் ஜவுளிச் சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"உனக்குப் பேரம் வராது என்று தெரியும் அம்மணி," என்றார் தரகர் கனிவாக. "பயப்படாதே. வேண்டியதைச் சொல்."

"நான் பேரம் பேச வரலீங்க. பரீட்சையே வேண்டாமுங்க. எல்லாத்துக்கும் நூறு போட்டுருங்க."

தரகர் சிரித்தார். தொடக்க மதிப்பெண்ணைக் கொஞ்சம் உயர்த்துவதாகச் சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையை அசைத்தாள். இன்னும் உயர்த்தினார். கூச்சப் பிள்ளைகளுக்குத் திரைக்குப் பின்னால் தேர்வு என்றார். கூட ஒரு துணை என்றார். பரீட்சையே வேண்டாமுங்க என்று அவள் முதலில் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

தரகருக்கு இப்படி ஒரு கை இதுவரை வாய்த்ததில்லை. எந்தக் கையிலும் உள்ளே ஒரு சின்ன விலை ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதற்காகவே படைக்கப்பட்டவர் அவர். இந்தக் கையில் தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை. நாடி, பனிக்கு அடியில் ஓடும் நீர்போல ஒரே சீராக ஓடியது. இவள் விளையாடவில்லை, இறங்கவும் மாட்டாள். படியாவிட்டால் சபை இரவுபகலாகத் திறந்தே இருக்க வேண்டும். படிந்தாலோ தரகருக்கு வேலையே இல்லை. அவருடைய குளிர்விப்பான் உறுமத் தொடங்கியது. ஜவுளிச் சங்கத்தார் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அப்போதுதான் சென்னியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏனுங்க தரகரே, கொழந்த ஒரே புடியா நிக்குது. ரண்டு பக்கத்துக்கும் சேதாரம் இல்லாம ஒண்ணு சொல்லட்டுங்களா?"

அவர் தன் திட்டத்தைச் சொன்னார். பிள்ளைகளின் அறிவுச்சில்லை அணைத்துவிட வேண்டும். எல்லோரையும் ஒரே கூடத்தில் வரிசையாக உட்காரவைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். மூன்று மணி நேரம் யாரும் யாரோடும் பேசக் கூடாது. விடையைத் தாளில், கையால், எழுத வேண்டும். பெயர் தெரியாமல் தரகர் திருத்துவார். அவருடைய வேலைக்கும் பங்கமில்லை. இப்படி ஒன்றை எந்த மூளை கண்டுபிடித்தது என்று கூட்டம் முணுமுணுத்தது. தரகர், முழுகுகிறவர் கயிற்றைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டார். நறுமுகை குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணைக் காட்ட, விரலை அழுத்தினாள். துண்டை எடுத்தார்கள்.

நல்லம்மாள் எழுந்து சட்டத்தைப் படித்தார். இனி இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் பரீட்சை என்றால் பயப்படாது, எந்தத் தாயும் பரீட்சைக் காலத்தில் தூக்கம் கெட்டு உட்காரமாட்டாள் என்று அறிவித்தார். குமிழ்க்கூரை அதிரப் பறை முழங்கியது. சென்னியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதியைச் சுற்றி வந்தார்கள்.

"பரீட்சையே இருக்காதுன்னு சொன்னீங்களேப்பா?" என்று கேட்டாள் நறுமுகை, அவரை இறக்கிவிட்ட பிறகு.

"நீ நம்புன, அதனால அவரு நம்புனாரு. நான் கையக் குடுத்திருந்தா அப்பவே நாடியப் புடிச்சிருப்பாரு."

"அப்ப நான் பேரம் பேசிப் போட்டனுங்களா?"

"என்னையவே தூக்கிச் சாப்புட்டுப் போட்ட."

பூமியிலிருந்து பேனா வரவழைத்து, பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கி, அந்த ஆண்டே முதல் எழுத்துத் தேர்வை நடத்தினார்கள். கூடத்துக்கு வெளியே ஊரே கூடி, மூடிய கதவைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் நின்றது. உள்ளே பல பிள்ளைகள் பேசுவதற்கு ஆளில்லாமல் தவித்தார்கள். நறுமுகையோ பிறந்ததிலிருந்து அந்த அமைதிக்காகவே காத்திருந்தவள்போல எழுதினாள். முடிவு வந்தபோது தொண்ணூற்றெட்டு, ஊரிலேயே முதல். முப்பதுக்குத் தலையாட்டிய பெண் முதலாவது வந்ததைக் கேட்டு, ஜவுளிச் சங்கத் தலைவரே வந்து சால்வை போர்த்தினார். கலத்தின் தலைவர் நேரில் வந்து இடத்தை உறுதிசெய்தார். தாய் ரத்தினா அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்புக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தாள். சென்னியப்பன் சந்தோஷத்தில் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் பலகையை இன்னொருமுறை பார்த்தார்.

"செரி," என்றார். "மீதி ரண்டு எங்க போச்சு?"

மறுநாள் காலையில் தரகரின் அலுவலகத்தில் நின்றார்.

"சென்னியப்பரே, இப்போது பேரம் கிடையாது," என்றார் தரகர். "நிறுத்தியவரே நீங்கள்தான்."

"பேரம்னு ஆருங்க சொன்னது? கூட்டிப் பாருங்கன்னுதான சொல்றேன்."

திரும்பிப் பார்த்தால் பின்னால் வரிசை நின்றது. எழுபது வாங்கிய பிள்ளையின் தாய், நாற்பது வாங்கிய பிள்ளையின் தகப்பன், பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட ஒன்று குறைந்துபோன பிள்ளையின் மாமன். கூட்டம் தெருமுனையைத் தாண்டவே, சபை அவசரமாகக் கூடி மறுகூட்டல் என்று ஒன்றையும், அது போதாமல் மறுமதிப்பீடு என்று இன்னொன்றையும் சட்டமாக்கியது. எழுதிய பிள்ளைகள் தாளைக் கொடுத்ததோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் குமிழ்க்கூரையின் விளிம்பில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் வாரக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். தரகருக்கு முன்பைவிட வேலை அதிகமாயிற்று. அவருடைய குரலில் பழைய சுருதி ஏறிவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள்.

யூரோப்பாக் கலம் புறப்படுகிற நாளன்று சென்னியப்பனின் முறை மறுபடி வந்தது. ஏழாவது கேள்விக்கு நறுமுகை வரைந்த படத்தில் ஓர் அம்புக்குறி சரியாக இருக்கிறதா இல்லையா என்று இருவரும் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள்.

"ஒன்று தருகிறேன்," என்றார் தரகர்.

"ஒண்ணர," என்றார் சென்னியப்பன்.

காதுக்குப் பின்னால் சில்லில் அழைப்பு கிணுகிணுத்தது. நறுமுகையின் குரல்.

"கலம் கெளம்பப் போகுதுங்கப்பா. அம்மா வந்துட்டாங்க. உங்களைக் காணமே?"

"படியற நேரம் அம்மணி, செத்த இரு."

"எனக்குத்தான் எடம் கெடச்சிருச்சே. அந்த ரண்டு மார்க்கு எனக்கு எதுக்குங்கப்பா?"

"உனக்கு எதுக்கு? அது எனக்கு."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அப்புறம் இயந்திரங்கள் முழங்குவது கேட்டது. சாளரத்துக்கு வெளியே ஒரு வெளிச்சக் கீற்று வியாழனை நோக்கி ஏறியது. சென்னியப்பன் அதைக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தார். பார்த்தபடியே, அசைந்து கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த உட்காருகையிலேயே தரகர் இறங்கிவந்தார்.

வெளியே வந்த சென்னியப்பனைச் சுற்றி வரிசையில் நின்றவர்கள் மொய்த்துக்கொண்டார்கள். பாப்பாவுக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். அவர் சட்டைக் கழுத்துப்பட்டியை நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

"நாங்க தொண்ணூத்தொம்பதர வாங்கியிருக்கறமுங்க," என்றார்.