பத்து நொடி மௌனம்

மனித இனம் இதுவரை கண்டடைந்தவற்றுள் தலையாயது நெருப்பும் இல்லை, சக்கரமும் இல்லை, மௌனம்தான் என்றார் இசையமைப்பாளர் ஆராவமுதன். அடுத்த வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்ததால் அதை அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவள் செண்பகவல்லி. வளசரவாக்கத்தில், மூன்றாவது மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருந்த அவருடைய ஒலிக்கூடத்துக்கு அவள்தான் பதிவாளர், கலவையாளர், ஏசி பழுதானால் ஆளைக் கூப்பிடுபவளும் அவளே. முடிந்த பாட்டைச் செம்மைப்பொறிக்கு அனுப்பத் தயார் செய்வதும் அவள் வேலை.

செம்மைப்பொறி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு முன்பெல்லாம் பாட்டு வெளியே போகும்முன் நல்ல காது உள்ள ஒருவர் உட்கார்ந்து, சத்தத்தைச் சமன் செய்து, கீச்சை மழுக்கி, கடைசி மெருகு போட்டு அனுப்புவார். இப்போது உலகத்துக்கே ஒரு பொறி. அதன் நிபந்தனைகள் பெரும்பாலும் அந்தப் பழைய ஆட்கள் போட்டவைதான். சத்தத்தை உச்சிவரை ஏற்றாதே, மேலே கொஞ்சம் இடம் விடு. நீயே மெருகு போட்டுக்கொண்டு வராதே. புதிதாகச் சேர்ந்தது ஒன்றே ஒன்று. முதல் சுரத்துக்கு முன்னால் பத்து நொடி மௌனம் வேண்டும். பாட்டைப் பதிந்த அதே இடத்தில், வெட்டாமல், கழுவாமல் பதிந்த மௌனம்.

அந்தப் பத்து நொடியில் பொறி இடத்தைப் படித்துவிடும். சுவர் செங்கல்லா கருங்கல்லா, உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், அவர்களில் யாருக்குச் சளி, எல்லாம் தெரிந்துவிடும். அதையும், பாட்டுக்குள்ளே கேட்கும் இடத்தையும் சேர்த்து ஓர் 'இடக்குறிப்பு' ஆக்கிப் பாட்டோடு ஒட்டிக் கேட்பவர்களுக்கு அனுப்பும்.

எதிரொலியை நீக்குவதற்காக வந்த வசதி அது. ஜனங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது யாரும் ராகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "கடலடிச் சுரங்கத்துல பாடினதாமே, கேட்டியா?" என்பதுதான் பேருந்தில் பேச்சு. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பாடிய ஒருவர், பின்னால் தேங்காய் துருவும் ஒலிக்காகவே விருது வாங்கியிருந்தார்.

ஆராவமுதன் அவசரப்பட்டுவிட்டார். தன்னுடைய பன்னிரண்டு நிமிடப் பாட்டு 'அனாதி', கீழ்மாவூர் மலைக்குகையில் பதினொரு நாள் உண்ணாநோன்பு இருந்து பதிந்தது என்று பேட்டி கொடுத்துவிட்டார். குகையை அவர் படத்தில் பார்த்திருந்தார்.

பாட்டு இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, தியானம் தெருவரைக்கும் கேட்க வேண்டும் என்று அவர் ஏற்றச் சொன்ன சத்தத்துக்காக. இரண்டாம் முறை, மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யத்தை ஒட்டச் சொன்னதற்காக. 'இந்த மௌனம் எந்த இடத்தையும் சேர்ந்ததல்ல' என்று பொறி எழுதியிருந்தது. மூன்றாம் முறையும் திரும்பினால் அந்த ஒலிக்கூடத்துக்கு ஓராண்டு கதவடைப்பு. 'பதிவு: செண்பகவல்லி' என்று ஏழு வருட உழைப்பில் முதல்தடவையாக வெளியே வரப்போகும் பெயரும் அதோடு போய்விடும்.

ஆராவமுதன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலிபெருக்கியைக் குகைக்கு எடுத்துப்போய், பாட்டை அங்கே ஓடவிட்டு மறுபடி பதிந்தால் அதுவும் குகைப் பதிவுதானே. செண்பகவல்லிக்கு மறுப்பு எதுவும் தோன்றவில்லை. பொறியின் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் வந்தது.

திண்டிவனம் தாண்டி ஓர் ஓட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். யாரும் அடையாளம் கண்டுவிடாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து இரண்டு செட் பூரியும் ஒரு வடையும் சாப்பிட்டார். செண்பகவல்லி காபியோடு நிறுத்திக்கொண்டாள்.

குகை வாசலில் கூட்டம். ஐந்து குழுக்கள் ஒலிவாங்கியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தன. காவலர் கொளஞ்சி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மௌனம் மட்டுமா, பாட்டும் உண்டா?"

"ரெண்டும்" என்றாள் செண்பகவல்லி.

"அப்ப கால் மணி நேரம். ஒரு தடவதான். இருமுனா மறுபடி டோக்கன் வாங்கணும்."

ஆராவமுதன் முன்னால் வந்து, கோடி வருடங்களாக யாரும் தீண்டாத மௌனத்தைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார். கொளஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைலேருந்து ஒம்பது பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். மிச்சம் இருக்கறத எடுத்துக்குங்க."

உள்ளே அவர்கள் இருவர் மட்டும். ஆராவமுதன் பத்மாசனத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவள் காதில் கருவியை மாட்டிப் பதிவைத் தொடங்கினாள். ஏழாவது நொடியில் அது கேட்டது: ஆழத்திலிருந்து உருண்டு வந்து, முடிவில் லேசாக மேலே ஏறும் ஓர் ஒலி. பாறைக்குள் நீர் ஓடுகிறதா? அவள் கூரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு ஆராவமுதனைப் பார்த்தாள். பத்து நொடி முடிந்து பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் போட்டுக் காட்டினாள். ஏழாவது நொடியில் அவர் கண் கலங்கியது.

"இது பூமியோட மூச்சும்மா."

"சார், அது வேற ஏதாவதா இருக்கலாம். மௌனத்துல நாம கைவைக்க முடியாது. இன்னொரு டோக்கன் வாங்கிடலாம்."

"இன்னொண்ணா? கோடி வருஷம் காத்திருந்து என்கிட்ட குடுத்திருக்கு. நீ வேற."

வண்டி செங்கல்பட்டைத் தொடுவதற்குள் பாட்டின் பெயரை 'பூமியின் மூச்சு' என்று மாற்றி, நான்கு நிருபர்களுக்குச் சொல்லிவிட்டார். அவள் சத்தத்துக்கு மேலே இடம் விட்டு, ஒரு நொடியும் வெட்டாமல், மறுநாள் பாட்டை அனுப்பினாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. ஏற்கப்பட்டது. வழக்கம்போலப் பாட்டும் இடக்குறிப்பும் அதே கணத்தில் எல்லா வீடுகளுக்கும் போய்விட்டிருந்தன.

'பதிவு: செண்பகவல்லி. தயாரிப்பில் குறையில்லை. மௌனம் தொடப்படவில்லை.'

அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். பிறகுதான் கீழே போனாள்.

'இடம்: கருங்கல் குகை. ஆட்கள் இருவர். குகைக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, பொய்க்கூரையுடன். அறைக்கு அடுத்த வீட்டில் மிக்சி.'

தொலைபேசி அடித்தது. ஆராவமுதன்தான். குரல் இறங்கியிருந்தது. அந்த மிக்சியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். மிக்சி இருந்தால் இருக்கட்டும், பூமியின் மூச்சைப் பொறி கேட்டதா, அதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார்.

"கடைசி வரியப் பாருங்க சார்."

'ஏழாம் நொடி: வயிறு, ஆண். உண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எண்ணெயில் பொரித்தது.'