பக்கத்து நாற்காலியின் சூடு

மலையுச்சி ஆய்வுக்கூடத்தில் அவள் வந்து இறங்கியபோது வெயில் இன்னும் சாயவில்லை. கல்யாணமான புதுசு. கணவருக்கும் அவளுக்கும் இனி ஒரே வேலை. விண்வெளித் தூசி மேகங்களுக்குள் புதிதாகப் பிறந்த நட்சத்திரங்களைத் தேட வேண்டும். அவை கண்ணுக்குத் தட்டுப்படாது. தூசியைத் தாண்டி அகச்சிவப்புக் கதிராக வரும் சூடுதான் காட்டிக்கொடுக்கும்.

அந்த வேலையை முன்பு செய்தவள் கணவரின் முதல் மனைவி. இறந்துபோனவள். தொலைநோக்கியை இயக்குபவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா இருந்தவரைக்கும் மாசத்துக்கு ஒண்ணாவது சிக்கும்மா. அவங்க கண்ணே கண்ணு!"

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது?

தொலைநோக்கி அறையில் எங்காவது சூடு கசிந்தால் படம் கெட்டுவிடும். அதனால் கூரையைத் திறப்பதற்கு முன் வெப்பக் கேமராவால் மூலைமுடுக்கெல்லாம் பார்ப்பார்கள். அது காண்பது மேசைமேல் இருந்த திரையில் தெரியும். இருட்டியதும் அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கேமராவைத் திருப்பினாள். குளிர்விக்கும் இயந்திரத்தின் முனகலைத் தவிர வேறு சத்தமில்லை. திரையில் சூடில்லாத சுவர்கள் கறுப்பாகத் தெரிந்தன. மேசையருகே கணவர் வெளிச்சமாகத் தெரிந்தார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியும் வெளிச்சமாக இருந்தது.

காலி நாற்காலி.

"இங்க யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?"

"அதை விடு," என்று கணவர் கிசுகிசுத்தார். "அது எப்பவும் அப்படித்தான்."

எப்பவுமா?

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. கல்யாணமான மறுநாளே வேலை வேலை என்று இங்கே ஓடி வந்தது இதற்குத்தானா? தன்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், செத்தவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்!

கேமராவை அவர் கையில் திணித்தாள்.

"இனிமே இது என் இடம்."

அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மெத்தென்று இருந்தது.

அது மர நாற்காலி.

இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது. எழப் பார்த்தாள், முடியவில்லை. கால்கள் சில்லிட்டன. பிறகு கால்கள் இருப்பதே தெரியவில்லை.

"என்னங்க... கையக் கொடுங்க."

அவர் அசையவில்லை. கேமராவை அவள் பக்கமாகப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள். அவளுடைய உருவம் சுவரோடு சுவராகக் கறுத்துக்கொண்டு வந்தது. அவளை மடியில் இருத்திக்கொண்டு இன்னொருத்தி, நிமிடத்துக்கு நிமிடம் பிரகாசமாகிக்கொண்டிருந்தாள்.

புது மனைவியைப் பார்த்து ஒருநாளும் வராத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"வந்துட்டியா?" என்றார்.