இரண்டேகாலுக்கு டோனி எங்கே?

செல்போன் அலறியது.

ஜாஸ்லின் கண்ணைத் திறந்தாள். போன் கிடந்தது தலையணைக்கு இடது பக்கம். சத்தம் மட்டும் வலது பக்கமிருந்து கேட்டது!

இடது காது போயிருந்தது.

காது மட்டுமா? கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். வலிக்கவில்லை. வேறு யாரோ ஒருத்தியின் கன்னத்தைக் கிள்ளியது மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டில். தலையைச் சுற்றிக் கட்டு. வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பி. காவல் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. அப்படியிருக்க, போனைத் தலைமாட்டில் வைத்தது யார் என்பதுதான் புரியவில்லை.

எடுத்து வலது காதில் வைத்தாள். கார்குழலி. போராட்டக் குழுவின் வக்கீல்.

"முழிச்சிட்டியா... மனச திடப்படுத்திக்க. டோனி செத்துட்டான்."

"சரி" என்றாள் ஜாஸ்லின்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பால் வந்துவிட்டது என்று யாரோ சொன்னால் சொல்கிற சரி! டோனி அவள் தெருக்காரன். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை வாங்கியவர்கள். அவன் மீன் பிடிக்கப் போனான், இவள் காலாப்பட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலைக்குப் போனாள். சண்டை போடாத வாரம் கிடையாது.

அழுகை வரவேண்டும். வரவில்லை.

* * *

நடந்தது இவ்வளவுதான்.

திங்கட்கிழமை. குருசுக்குப்பம் கடற்கரை. படகு ஏற்றி நிறுத்துகிற இடத்தையும் பெண்கள் கருவாடு காயவைக்கிற மணலையும் வேலி போட்டு, ஒரு கம்பெனியின் உல்லாசப் படகுகளுக்குக் கொடுக்க ஏற்பாடு. தடுக்க இரண்டாயிரம் பேர் கூடியிருந்தார்கள். குழுவுக்கு ஜாஸ்லின் செயலாளர், டோனி தலைவர்.

பகல் ஒரு மணிக்குப் பேச்சுவார்த்தைக்கு அதிகாரி வருவார் என்றார்கள். வந்தது போலீஸ்.

கலைந்து போங்கள் என்று மைக்கில் சொன்னார்கள்... லத்தி விழுந்த பிறகு!

அடி இடது காதுக்குப் பின்னால் விழுந்தது. அப்போதும் வலிக்கவில்லை. மணலில் ஒற்றைச் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. அதை யாராவது திருப்பிப் போடக்கூடாதா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் வேன். எதிரே டோனி. அவனைச் சுற்றிப் பூட்ஸ் கால்கள். "அவள விடுங்கடா" என்று அவன் கத்தியது கேட்டது.

அதற்குமேல் எதுவும் இல்லை.

ஆனால் போலீஸ் சொல்லுகிற கதையில் டோனி வேனில் ஏறவேயில்லை என்றாள் கார்குழலி. நாலு மணிக்குப் பாறை இடுக்கில் பிணம் கிடந்ததாம். கால் வழுக்கி விழுந்துவிட்டானாம்.

* * *

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை!

ஏனாமிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டே மாதம். அதற்குள் ஊரையே அளந்துவிட்ட மாதிரி ஒரு நடை. கட்டிலுக்கு இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவர் வாய் அசைவதை ஜாஸ்லின் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் காது கேக்கல சார். இப்படி வாங்க."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். "நெரிசல்ல விழுந்துட்ட போல."

"லத்தி சார்."

"நெரிசல்" என்றார் ஜானகிராமன், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற பொறுமையோடு.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒரு கான்ஸ்டபிளின் மண்டையை அவள் கல்லால் உடைத்ததாகக் கொலை முயற்சி வழக்குத் தயார். பத்து வருஷம் உள்ளே. வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. வியாழக்கிழமை சப் கலெக்டர் விசாரணை. அங்கே ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: டோனி வேனில் ஏறவில்லை, பாறைப் பக்கம் ஓடினான். அவ்வளவுதான். வழக்கு காற்றில் போய்விடும்.

"நான் வேன்ல அவன் எதுக்கதான் இருந்தேன்."

"தலையில அடிபட்டவ சொல்றத யாரும்மா நம்புவாங்க? இத கேளு. நானே மேலிடத்துக்கு அனுப்பின ரிப்போர்ட்."

மடிப்பைப் பிரித்து வாசித்தார்.

"பகல் இரண்டேகால் மணிக்கு, குருசுக்குப்பம் தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தபோது, டோனி என்பவர் பாறைமேல் நின்று காவலர்கள்மீது கல் எறிந்துகொண்டிருந்ததை நான் நேரில் கண்டேன். அதன்பின் கால் இடறி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார்."

"மணிய எதுக்கு சார் எழுதினீங்க?"

ஜானகிராமனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "ஊரே கேட்ட மணி. அப்ப நேரத்துக்கு ஊரே சாட்சி. ரிப்போர்ட் எழுதறதும் ஒரு கலைம்மா."

பழப் பையை வைத்துவிட்டுப் போனார். ஜாஸ்லின் ஒரு ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டாள். இடது பக்கம் ருசி தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டால் தூங்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

* * *

புதன்கிழமை மத்தியானம் மெரின் வந்தாள். டோனியின் மனைவி. முந்தின நாள்தான் அடக்கம் முடிந்திருந்தது. உள்ளே விட மாட்டார்கள் என்று ஜாஸ்லின் நினைத்தாள். வாசலில் இருந்த ஏட்டு எதுவும் கேட்காமல் எழுந்து வழிவிட்டார்.

மெரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் ஊர்க்கதையெல்லாம் பேசினாள். அடக்கத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை. கடைசியில்தான் உடைந்தாள்.

"கல்லெறிஞ்சி செத்தவன்னு பேப்பர்ல எழுதிட்டாங்கக்கா. நாளைக்கு எம்பொண்ணுகிட்ட நான் என்னா சொல்லுவேன்?"

மெரின் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"அந்த மணி வேற கேட்டுக்கிட்டே இருக்கு."

"என்னா மணி?"

"திங்கக்கெழம ரெண்டேகாலுக்கு துக்க மணி அடிச்சுதே. நான் சோறு வடிச்சிட்டு இருந்தேன். பாவம், யாருக்கோன்னு சிலுவ போட்டுக்கிட்டேன்."

ஜாஸ்லின் எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த ஊர்க் கோயிலில் பூசைக்கு அடிக்கிற மணி வேறு. அது ஓடும். துக்க மணி ஒற்றை ஒற்றையாக, நடுவில் மூச்சுவிட்டு விழும். வீட்டில் ஒரு உயிர் போனால், அழுவதற்கு முன்னாலேயே ஒருவர் கோயிலுக்குச் சொல்லி அனுப்புவார். உடம்பு ஆறுவதற்குள் மணி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆத்துமா வழி தெரியாமல் நிற்கும் என்பது அங்கே நம்பிக்கை. கேட்டவர்கள் கை வேலையை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

"அன்னைக்கு வேற யாருடி செத்தது?"

"அதான்க்கா. ஊர்ல வேற சாவே இல்ல. உபதேசியார கேட்டேன். தப்பா அடிச்சிட்டேம்மான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு."

கோயில் காரியங்களைப் பார்ப்பவர் உபதேசியார் சகாயநாதன். முப்பது வருஷமாக மணி அடிக்கிறவர். துக்க மணியைத் தப்பாக அடிக்கிறவர் இல்லை.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெரின் தன் முந்தானையால் ஜாஸ்லினின் இடது கன்னத்தைத் துடைத்தாள். ஈரம்! கண் எவ்வளவு நேரமாக வழிந்துகொண்டிருந்தது என்று ஜாஸ்லினுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் கன்னம் அவளிடம் சொல்லவேயில்லை.

* * *

மெரின் போன பிறகு வார்டு அமைதியாக இருந்தது. ஏட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பட்டையில் பெயர் இருந்தது. லூர்துபிரகாஷ்.

"அண்ணே, நீங்க எந்தக் கோயிலு?"

"நம்ம கோயிலுதாம்மா. இப்ப சாரம் பக்கம் குடியிருக்கேன். பூசைக்கு அங்கதான் போறது."

"இந்த போன என் தலமாட்டுல வெச்சது நீங்கதானே?"

தொப்பி அவர் விரல்களில் ஒரு சுற்றுச் சுற்றியது.

"உபதேசியாருக்கு போன் பண்ணதும் நீங்கதானே?"

தொப்பி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"நான் அடிக்கலம்மா..." என்றார் லூர்துபிரகாஷ். "புடிச்சிட்டிருந்தேன்."

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அடித்தது ஜானகிராமன். இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்திருந்தது இவர். மணி இரண்டு பத்துக்கு டோனியின் தலை இவர் தோளில் சாய்ந்தது. அப்புறம் நிமிரவில்லை. வேனைவிட்டு இறங்கினார். அப்பா செத்தபோது செய்ததை, அம்மா செத்தபோது செய்ததைக் கை தானாகச் செய்துவிட்டது. உபதேசியார் நம்பரைப் போட்டு, டோனி போயிட்டான், மணி அடிங்க என்று சொல்லிவிட்டார். மணி விழ ஆரம்பித்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று விளங்கியது. மறுபடியும் போன் போட்டு, வெளியே சொல்லாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

அந்த மணியைத்தான் நாலடி தள்ளி நின்ற ஜானகிராமன் கேட்டிருக்கிறார். வாட்ச்சைப் பார்த்திருக்கிறார்! அது சாவுக்கு அடிக்கிற மணி என்று ஊருக்குப் புதிய அவருக்குத் தெரியாது.

"சப் கலெக்டர்கிட்ட சொல்லுவீங்களா அண்ணே?"

"ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா எனக்கு. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன்."

அவர்மேல் கோபம் வரும் என்று ஜாஸ்லின் காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. கார்குழலியைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை கையெழுத்துப் போடப்போவதாக இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிவிடச் சொன்னாள். கார்குழலி வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஜாஸ்லின் இன்னொரு விஷயமும் சொன்னாள். திட்டு நின்றது.

* * *

வியாழன். காலை பதினொன்று. சப் கலெக்டர் அலுவலகம்.

மேஜைக்குப் பின்னால் சப் கலெக்டர் அம்மா. பக்கத்தில் தட்டச்சுக்காரர். ஜானகிராமன் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கதவோரம் லூர்துபிரகாஷ், தொப்பியோடு.

வாக்குமூலத்தை ஜாஸ்லின் முன்னால் நகர்த்தினார்கள். யாராவது வற்புறுத்தினார்களா என்று சப் கலெக்டர் கேட்டார்.

ஜாஸ்லின் பேனாவை எடுத்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம். இன்ஸ்பெக்டர் சார கேட்டுட்டு போட்டுடறேன்."

சப் கலெக்டர் தலையசைத்தார்.

"மணி அடிச்சப்ப டோனி உயிரோட இருந்தத நீங்களே பாத்தீங்களா சார்?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார் ஜானகிராமன். "ரெண்டேகால். மணிச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. அவன் கையில கல்லு."

தட்டச்சுக்காரர் அதை அடித்து முடிக்கும்வரை ஜாஸ்லின் காத்திருந்தாள். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

கதவு திறந்தது. கார்குழலி. அவள் பின்னால் மெரின். மெரின் கையைப் பிடித்துக்கொண்டு உபதேசியார் சகாயநாதன், அக்குளில் ஒரு நீள நோட்டுடன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ள, அந்த வாரம் யாருக்குத் துக்க மணி அடித்தது என்று எழுதி வைக்கிற நோட்டு.

அவர் நோட்டைப் பிரித்தார். வாசித்தார்.

"திங்கள். பகல் இரண்டேகால். துக்க மணி. இறந்தவர், டோனி. தகவல் சொன்னவர், லூர்துபிரகாஷ் ஏட்டு, போனில்."

ஜானகிராமன் எழுந்தார். "இது நேத்து எழுதினது மேடம். செட்டப்பு. ஏட்டு, நீ போன் பண்ணியா? சொல்லு."

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள்.

இல்லை என்றுதான் சொல்லப்போகிறார். ஜாஸ்லினுக்குத் தெரியும். பத்து வருஷம் எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட முயன்றாள். முடியவில்லை.

லூர்துபிரகாஷ் மெரினைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். நாலு எட்டு வைத்து வந்து, சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் தன் செல்போனையும் வைத்தார்.

"பண்ணேன் மேடம். அந்த போன் கால் நேரத்தோட இன்னும் இதுல இருக்கு. டோனி வேன்லதான் செத்தான். என் தோள்ல."

மெரின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். சப் கலெக்டர், தட்டச்சான தாளை உருவி, இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் குத்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வெளியே போகத் திரும்பிய ஜானகிராமனை உட்காரச் சொன்னார்.

அவர் உட்கார்ந்தார். ஜாஸ்லினுக்கு இடது பக்கம். அவர் வாய் ஏதோ அசைந்தது.

ஜாஸ்லின் தலையைத் திருப்பி, கேட்கிற காதை அவருக்குக் காட்டினாள்.

"செத்தப்புறம் பாறமேல ஏறி நின்னு கல்லெறிஞ்சிருக்கான் டோனி... அதுக்கு எந்த செக்‌ஷன் சார் போடுவீங்க? இந்தக் காதுல சொல்லுங்க. அந்தக் காத நீங்க ஏற்கெனவே எடுத்துக்கிட்டீங்க."