வண்டி ஏன் நிக்கல?

“ஐயையோ…!”

சந்திரம்மாளின் அலறல் செங்கம் ரோடு வரைக்கும் கேட்டது.

காலை ஏழே கால் மணி. ரமணாசிரமத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்த ‘அமைதி இல்லம்’ விடுதியில், பெயரைத் தவிர வேறெங்கும் அமைதி இல்லை. மாடியில் தியானத்தில் இருந்த ஜெர்மன்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். இரண்டாவது அலறலில் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

சந்திரம்மாள் விடுதியின் சமையல்காரி. பால் பொங்கும் நேரம் பார்த்து கேஸ் தீர்ந்தது. ஸ்பேர் சிலிண்டர் கார் ஷெட்டில் இருந்தது. போனாள்.

ஷட்டர் இறங்கியிருந்தது. அடியில் இருந்த சந்தில் யாரோ ஒரு பச்சைத் துண்டை இறுக்கமாகத் திணித்திருந்தார்கள்.

உள்ளே… கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது!

ஷட்டரைத் தூக்கினாள். குப்பென்று புகை. காருக்குப் பக்கத்தில், தரையில் ஓர் உடம்பு.

விடுதி முதலாளி பலராமன்!

சந்திரம்மாள் யோசிக்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். முதலாளியின் இரண்டு கால்களையும் பிடித்தாள். இழுத்தாள். எண்பத்தைந்து கிலோ பலராமன் வாசல்படியில் ‘டம் டம்’ என்று தலை இடிபட, வெளிக்காற்றுக்கு வந்து சேர்ந்தார்.

உயிர் இருந்தது. கொஞ்சூண்டு.

*

பத்து மணி.

அவலூர்பேட்டை ரோட்டில் அபிநயாவின் ஒர்க்‌ஷாப். வயது இருபத்தொன்பது. ஆட்டோமொபைல் டிப்ளமோ. கையில் ஸ்பேனர், கன்னத்தில் கிரீஸ், நாக்கில் மிளகாய்.

இரண்டு ஸ்டாண்டுகள் மேல் உட்கார்ந்திருந்த ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பளபளா பூட்ஸ்கள் வந்து நின்றன.

“நீதானே அபிநயா? வெளிய வா!”

இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வன். பேச வந்தவர், பக்கத்தில் பானெட் திறந்திருந்த இன்னொரு வண்டியின் ரேடியேட்டர் மூடியில் ஸ்டைலாகக் கை வைத்தார். திருகவும் ஆரம்பித்தார்.

பட்!

அபிநயா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“போலீஸ்காரன் மேலயே கை வைக்கிறியா?”

“இப்பதான் ஓடி வந்த வண்டி சார் அது! மூடியத் தெறந்தா கொதிக்கிற தண்ணி நேரா உங்க மீசைக்குத்தான் வரும். ஆறட்டும். அதுவும் ஆறட்டும்… நீங்களும் ஆறுங்க. இன்னா விஷயம்?”

இன்ஸ்பெக்டர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருந்தது.

“அமைதி இல்லம் பலராமனைக் கொலை பண்ணப் பாத்திருக்காங்க. வண்டி கண்ணாடியில உன் கடை ஸ்டிக்கர். முந்தாநாள் தேதி போட்டு, அடுத்த ஆயில் எப்ப மாத்தணும்னு எழுதியிருக்கு. சர்வீஸ் பண்ணது நீதான்!”

“ஆமா. நான்தான். அதுக்கு?”

“ஆஸ்பத்திரியில அரை மயக்கத்துல ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். நர்ஸ் கேட்டிருக்கு. ‘வண்டி ஏன் நிக்கல… வண்டி ஏன் நிக்கல…’ அதையே திரும்பத் திரும்ப! புரியுதா? பிரேக்! நீ பிரேக்கைப் புடுங்கி விட்டிருக்க!”

அபிநயா அவரைக் கனிவோடு பார்த்தாள்.

“வண்டி எங்க சார் இருந்துச்சு?”

“ஷெட்டுக்குள்ள.”

“ஓடிச்சா?”

“இன்ஜின் ஓடிச்சு.”

“சக்கரம்?”

“…ஓடல.”

“ஷெட்டுக்குள்ள சும்மா நின்ன வண்டிக்கு பிரேக் எதுக்கு சார்?”

இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் கையைக் காட்டினார்.

“மெயின் ஆளை ஏற்கெனவே புடிச்சாச்சு. பலராமனோட தம்பி வளவன். ஷட்டருக்கு அடியில திணிச்ச பச்சைத் துண்டு அவனோடது. விடுதியில பாதி அவன் பேர்ல இருக்கு. விக்கணும்னு அண்ணன் சொல்றார், மாட்டேன்னு இவன் சொல்றான். காரணம் போதாது?”

ஜீப்பின் பின்சீட்டில் வளவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஒல்லி. பயந்த கண்கள். கிரிவலப் பாதையில் இருக்கும் நாய்களுக்கெல்லாம் தினமும் சோறு வைக்கிறவன்.

“கொடியில காஞ்ச துண்டு சார் அது…” என்று அழுதான். “நேத்துல இருந்தே காணோம்…”

அபிநயா கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த குறும்பு கொஞ்சம் குறைந்தது. தான் தொட்ட ஒரு வண்டி… ஒரு மனுஷனைச் சாவு வாசல் வரை கொண்டுபோயிருக்கிறது.

“அந்த வண்டியை நான் பாக்கணும் சார்.”

“எதுக்கு? தடயத்தை அழிக்கவா?”

“இல்ல. அதுகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்.”

*

ஷெட்.

அபிநயா முதலில் ஷட்டரை முழுக்க ஏற்றினாள். பின்பக்க ஜன்னலைத் திறந்தாள். சிலிண்டரை வெளியே உருட்டினாள்.

“கார் நிக்கற எடத்துல கேஸ் சிலிண்டரா? இந்த வீட்ல எல்லாருக்குமே சாவு மேல ஆசை ஜாஸ்தி போல.”

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். வண்டியை வெளிக்காற்று படும்படி வாசலுக்குத் தள்ளியிருக்கலாம். தடயம் என்று இன்ஸ்பெக்டர் முறைத்தார். சரி, ஷட்டரும் ஜன்னலும் திறந்திருக்கின்றனவே. சாவியைத் திருப்பினாள்.

வ்ரூம்…!

பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. ஐந்து.

இன்ஜின், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அபிநயா இன்ஜினை அணைத்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

“சார்… இந்த வண்டிக்கு வந்த நோய் இன்னான்னு தெரியுமா?”

“சொல்லு.”

“காலையில ஸ்டார்ட் பண்ணா நல்லாத்தான் எடுக்கும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு சும்மா ஓட விட்டா, ரெண்டு நிமிஷம். திணறும், குலுங்கும்… பொசுக்குனு நின்னுடும். எட்டு மாசமா இதே கதை. நாலு மெக்கானிக் பாத்தாங்க. ஒருத்தர் பிளக் மாத்தினார். ஒருத்தர் பேட்டரி மாத்தினார். ஒருத்தர் பெட்ரோல் பங்க்கையே மாத்தச் சொன்னார்.”

“நீ?”

“நான் எதையும் மாத்தல. காதைக் குடுத்துக் கேட்டேன். ‘உஸ்’ஸுனு ஒரு சத்தம். இன்ஜினுக்குக் காத்து போற வழியில, அடிப்பக்கமா ஒரு ரப்பர் ட்யூப். அதுல விரிசல். விரலால பொத்தினேன், குலுக்கல் நின்னுச்சு. விரலை எடுத்தேன், திரும்பக் குலுங்குச்சு. நோய் அதான். கணக்கு இல்லாத காத்து உள்ள பூந்தா, பெட்ரோல் கம்மியாகி இன்ஜின் செத்துடும். ட்யூபை மாத்தினேன். காத்துப் பாதையைச் சுத்தம் பண்ணேன். அவ்ளோதான்.”

“சரி… அதுக்கும் கொலைக்கும் இன்னா சம்பந்தம்?”

அபிநயா இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம் சார். வண்டி பதில் சொல்லிடுச்சு. மனுஷங்கதான் பாக்கி.”

*

பலராமனுக்கு முழு நினைவு வந்திருந்தது. மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க். தலையில், வாசல்படி கொடுத்த மூன்று புடைப்புகள்.

பக்கத்தில் மனைவி எழிலரசி. நெற்றி நிறைய விபூதி, கண் நிறைய நீர். காலையில் கிரிவலம் போயிருந்தவளுக்குப் பாதி வழியில் போன் போட்டு வரவழைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வளவன் கதவோரம் நின்றான்.

“சொல்லுங்க பலராமன். யார் பண்ணது?”

பலராமன் மாஸ்க்கை விலக்கினார். விரலை நீட்டித் தம்பியைக் காட்டினார்.

“இவன்தான் சார்! பின்னாடி வந்து தலையில அடிச்சான்! ஷட்டரை இறக்கிட்டுப் போயிட்டான்!”

“அண்ணா…!” வளவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

எழிலரசி முந்தானையில் முகத்தைப் புதைத்தாள்.

“கூடப் பொறந்தவனே இப்டிப் பண்ணலாமா சார்…”

அபிநயா கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். பாவமாக முகத்தை வைத்துக்கொண்டாள்.

“சார்… நான் மெக்கானிக். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தீங்க போல. இப்ப நின்னுடும், இப்ப நின்னுடும்னு…”

“பின்ன? ரெண்டு நிமிஷத்துல நிக்கிற வண்டிம்மா அது! எட்டு மாசமா ஒரு நாள் கூட…”

பலராமன் நாக்கைக் கடித்தார்.

ஆக்சிஜன் மட்டும் ‘புஸ்… புஸ்…’ என்றது.

“ஓஹோ!” இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். “தலையில அடி வாங்கி மயங்கினவருக்கு, வண்டி நிக்கலன்னு எப்பிடித் தெரியும்?”

“அது… வந்து…”

“நானே சொல்லட்டுமா சார்?” என்றாள் அபிநயா. “இவரை யாரும் அடிக்கல. இவரேதான் ஷெட்டுக்குள்ள போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டுப் படுத்தார். ரெண்டு நிமிஷத்துல இன்ஜின் தானா நின்னுடும். உயிருக்கு ஆபத்து இல்ல. ஷெட்ல கொஞ்சம் புகை, சந்துல தம்பி துண்டு. கொலை முயற்சி கேஸ்ல தம்பி உள்ள போவான். கேஸை விடணும்னா கையெழுத்துப் போடும்பார். விடுதி இவர் கைக்கு வரும். நல்ல திட்டம். வண்டி ரிப்பேராவே இருந்திருந்தா!”

வளவன் அண்ணனைப் பார்த்தான். கோபம் வரவில்லை அவனுக்கு. அதுதான் பார்க்கவே சகிக்கவில்லை.

“இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தா கையெழுத்து போட்டிருப்பேனே அண்ணா…” என்றான்.

பலராமன் கண்ணை மூடிக்கொண்டார். “தப்புதான் சார். ஒத்துக்கறேன்…”

“கேஸ் முடிஞ்சது!” இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார்.

“பாதிதான் சார் முடிஞ்சிருக்கு.”

தொப்பி பாதி வழியில் நின்றது.

“பலராமன் சார்,” அபிநயாவின் குரல் இப்போது விளையாட்டை விட்டிருந்தது. “தலை சுத்த ஆரம்பிச்ச உடனே எழுந்து ஓடியிருக்கலாமே? ஏன் ஓடல?”

“முடியலம்மா… கை கால் எல்லாம் மரத்துப் போச்சு. மாத்திரை வேற போட்டிருந்தேன்…”

“இன்னா மாத்திரை?”

“தூக்க மாத்திரை. உங்களுக்கு மயக்கம் மாதிரி நடிக்க வராது, டாக்டர் கண்டுபுடிச்சிடுவார்னு… எழில்தான் குடுத்தா.”

எழிலரசியின் முந்தானை மெல்லக் கீழே இறங்கியது. கண்ணில் நீர் இல்லை.

“ஷட்டரை வெளியில இருந்து இறக்கினது?”

“அவதான்… ரெண்டு நிமிஷம் கழிச்சு, இன்ஜின் நின்ன உடனே, ‘ஐயோ’னு கத்திக்கிட்டுத் தெறக்கறேன்னு சொன்னா. வெளியவே நிக்கறேன்னா…”

“அவங்க கிரிவலம் போயிட்டாங்க சார்.”

“கிரிவலமா?” பலராமன் தலையைத் திருப்பினார். “ரெண்டு நிமிஷத்துல எப்டி எழில் பதினாலு கிலோமீட்டர் சுத்திட்டு வருவ?”

எழிலரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னொண்ணு,” என்றாள் அபிநயா. “நீங்க கீழ்பென்னாத்தூர் நிலத்துல கடலை புடுங்கப் போயிருந்தப்ப, முந்தாநாள் என் கடைக்கு வண்டியைக் கொண்டாந்தது யார் தெரியுமா? உங்க வீட்டம்மா. ‘அவருக்குப் பொறந்தநாள் வருது, சொல்லிடாத, ஆச்சரியமா இருக்கட்டும்’னாங்க. வேலை முடிஞ்ச பிறகு மூணு தடவை கேட்டாங்க. ‘சும்மா ஓட விட்டா இனிமே நிக்காதே? நிச்சயமா நிக்காதே?’ நான் வேற பெருமையா சொன்னேன்… ‘டேங்க்ல பெட்ரோல் தீர்ற வரைக்கும் நிக்காதும்மா’னு.”

பலராமனின் முகம் தலையணை உறையை விட வெளுத்தது.

“எழில்… என்னையா?”

எழிலரசி நிதானமாக எழுந்தாள். புடவையைச் சரிசெய்தாள்.

“இருபத்திரண்டு வருஷம். ஒன்பது ரூம். தினமும் கழுவினது யாரு? நான். வித்துட்டு மெட்ராஸ் போலாம்னு முடிவு பண்ணது யாரு? நீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? தம்பியை ஜெயிலுக்கு அனுப்ப மட்டும் என்கிட்ட வந்து ஐடியா கேட்டீங்க. குடுத்தேன். நல்ல ஐடியாவா குடுத்தேன்.” பெருமூச்சு விட்டாள். “அந்தச் சந்திரம்மா பாலை மட்டும் அரை மணி லேட்டா வெச்சிருந்தா…”

வளவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். உலகத்தில் நாய்கள் மட்டும்தான் ஒழுங்கு என்று அவனுக்குத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண் போலீஸை உள்ளே கூப்பிட்டார். எழிலரசி தலை குனியாமல் நடந்தாள். கட்டிலுக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிள் வந்து உட்கார்ந்தார். பொய் கேஸுக்கு பலராமனும் பதில் சொல்லியாக வேண்டும்.

பலராமன் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஈனக்குரலில் கூப்பிட்டார்.

“ஏம்மா மெக்கானிக்கு… மனசு கேக்காமக் கேக்கறேன். அந்த வண்டியை மறுபடி பழைய மாதிரியே ஆக்கித் தர முடியுமா? இனிமே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓடற எதைப் பாத்தாலும் எனக்கு பயமா இருக்கும்மா.”

அபிநயா கதவருகே நின்று திரும்பினாள்.

“நம்ம கடையில சரி பண்றது மட்டும்தான் சார். கெடுக்கறதுக்கு… உங்க குடும்பத்துலயே நல்ல ஆளுங்க இருக்காங்க!”